மாத்திரை போட்டாரா, இல்லையா? – டாக்டர் வாலஸ் ஃபாக்ஸும் சென்னையின் காசநோய் ஆய்வும்

சென்னையில் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு "தாம்பரம் சானடோரியம்" என்ற நிறுத்தம் நன்றாகத் தெரியும். பலருக்கு அது வெறும் ஊர்ப் பெயர். சானடோரியம் என்றால் காசநோயாளிகளை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். தாம்பரத்தில் அதை 1928-ல் ஆரம்பித்தவர் டாக்டர் சவுரி முத்து. பெருந்துறையிலும் மதனப்பள்ளியிலும்கூட அப்படிப்பட்ட இடங்கள் இருந்தன. டிபிக்கு மருந்தே இல்லாத காலத்தில் நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இவைதான் வைத்தியம். நம் கணிதமேதை ராமானுஜனுக்கும் காசநோய் என்று முடிவுகட்டி, இங்கிலாந்தில் இப்படி ஒரு சானடோரியத்தில் குளிர்காற்றில் படுக்கவைத்தார்கள் என்பது பலரும் படித்திருப்பீர்கள்.

இன்றைக்கு டிபி வந்தால் யாரும் உங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் ஒரு வருடம் படுக்கவைப்பதில்லை. வீட்டிலிருந்தபடியே ஆறு மாதம் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். இந்த மாற்றம் எப்போது, எங்கே நடந்தது என்று தேடிக்கொண்டு போனால், பதில் சென்னை சேத்துப்பட்டில் வந்து நிற்கிறது. அந்தத் தேடலில் கிடைத்த மனிதர்தான் வாலஸ் ஃபாக்ஸ் (1920–2010). பிரிட்டிஷ் மருத்துவர். 1956 முதல் சுமார் ஐந்து வருடம் சென்னையில் வேலை பார்த்தவர். நம்மூரில் இவர் பெயர் தெரிந்தவர்கள் மருத்துவ வட்டத்துக்கு வெளியே மிகக் குறைவு.

நான் டாக்டர் இல்லை, மென்பொருள் ஆள். ஒரு சிஸ்டம் ஆய்வகத்தில் ஓடுவதற்கும் நிஜ மனிதர்கள் கையில் ஓடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தினமும் பார்க்கிற தொழில். ஃபாக்ஸ் தன் வாழ்நாள் முழுக்க வேலை செய்தது அந்த இடைவெளியில்தான். அதனால்தான் இவர் என்னை இப்படி இழுத்தார்.

மருந்து வந்தது, சிக்கலும் வந்தது

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் முதல் நல்ல மருந்து. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அதைச் சோதித்து 1948-ல் வெளியிட்ட அறிக்கை மருத்துவ வரலாற்றில் ஒரு மைல்கல். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்குவது போலத் தற்செயலாகப் பிரித்துச் செய்த ஆய்வு அது. மொத்தம் 107 பேர். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் இறந்தவர்கள் 4. ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர்கள் 14. அமோக வெற்றி, இல்லையா?

அதே நோயாளிகளை ஐந்து வருடம் கழித்துத் தேடிப்பிடித்துக் கணக்கெடுத்தார்கள். 1954-ல் வந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் இளம் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். இப்போது கணக்கு வேறு மாதிரி இருந்தது. மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்திருந்தார்கள். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 35 பேர். ஆறு மாதத்தில் மலைபோலத் தெரிந்த வித்தியாசம் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய கரைந்துவிட்டது.

காரணம், கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. "பழகிவிட்டது" என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம், உண்மையில் நடப்பது வேறு. நுரையீரலில் ஒரு பெரிய குழிப்புண்ணில் சுமார் 10 கோடி கிருமிகள் இருக்கலாம். அவற்றில் ஏறத்தாழ 10 லட்சத்துக்கு ஒன்று, பிறவியிலேயே அந்த மருந்துக்கு அசையாத வகை. ஆக, மருந்து கொடுப்பதற்கு முன்பே நூறு கிருமிகள் தயாராக உட்கார்ந்திருக்கின்றன. மருந்து மற்றவற்றையெல்லாம் கொன்று, இந்த நூறுக்கு இடத்தைக் காலிசெய்து கொடுக்கிறது. கொஞ்ச நாளில் புண் முழுக்க அவற்றின் வாரிசுகள்தான்.

இதற்குத் தீர்வு எளிய பெருக்கல் கணக்கு. இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தால், இரண்டுக்குமே அசையாத கிருமி இருக்கும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றை இன்னொரு 10 லட்சத்தால் வகுத்த அளவு. அதாவது லட்சம் கோடிக்கு ஒன்று. 10 கோடிக் கிருமிகள் உள்ள புண்ணில் அப்படி ஒன்று இருப்பதற்குச் சாத்தியம் இல்லை என்றே சொல்லலாம். 1940-களின் இறுதியில் பி.ஏ.எஸ். என்ற மருந்தும், 1952-ல் ஐசோநயாசிட் என்ற மலிவான மாத்திரையும் கைக்கு வந்தன. இரண்டு மருந்தையும் சேர்த்து ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் சாப்பிட்டால் காசநோய் குணமாகும் என்ற நிலை வந்தது.

இந்தக் கணக்கு முழுக்க ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: நோயாளி இரண்டு மருந்தையும் நிஜமாகவே சாப்பிட வேண்டும். ஒன்றை விட்டால் பழைய கதைதான்.

ஏன் சென்னை?

1950-களில் இந்தியாவில் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, காசநோய் நகரத்து நோய் என்ற நம்பிக்கையை உடைத்தது. கிராமங்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு நோய் பரவியிருந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை பல லட்சம். சானடோரியப் படுக்கைகளோ நாடு முழுக்கச் சில பத்தாயிரம்கூடத் தேறாத நிலை. எல்லோருக்கும் படுக்கை கட்டி முடிப்பதற்குள் ஒரு தலைமுறை போய்விடும்.

அப்படியானால் வீட்டில் வைத்தே மாத்திரை கொடுக்கலாமா? கேட்க எளிதான கேள்வி. அதற்கு எதிரான வாதங்களும் லேசானவை அல்ல. நோயாளி ஒற்றை அறைக் குடித்தனத்தில், மனைவி குழந்தைகளோடு பாய் போட்டுப் படுப்பவர். இருமினால் எல்லோருக்கும் ஒட்டும். சாப்பாடு போதாது. ஓய்வு எடுத்தால் அன்றைய கூலி போகும். இப்படிப்பட்டவருக்கு வீட்டில் வைத்தியம் என்பது, ஏழை நாட்டுக்கு இரண்டாம்தர வைத்தியம் என்று ஒப்புக்கொள்வது ஆகாதா? இந்தச் சந்தேகம் நியாயமானது. பணக்கார நாடுகள் அப்போதும் தங்கள் நோயாளிகளைச் சானடோரியத்தில்தான் வைத்திருந்தன.

வாதம் பண்ணிக்கொண்டே இருப்பதை விட, சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. அதை முன்னின்று நடத்த வந்தவர் ஃபாக்ஸ். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து, முப்பத்தாறு. அதுவரை மருந்துகளையும் கிருமிகளையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தவர், இப்போது இரண்டு வாழ்க்கைமுறைகளை ஒப்பிட வேண்டும்.

193 பேர்

சென்னை நகரத்தில் வசிக்கும் ஏழை நோயாளிகள் 193 பேர் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். சளியில் கிருமி உறுதியானவர்கள். தற்செயல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. மருந்து இருவருக்கும் ஒன்றே: ஐசோநயாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், 12 மாதம்.

சானடோரியத்துக்குப் போனவர்களுக்கு நல்ல சாப்பாடு, காற்றோட்டம், ஓய்வு, மருந்தைக் கையில் கொடுக்கும் நர்ஸ். வீட்டில் இருந்தவர்களுக்கு அதே குடிசை, அதே நெரிசல், அதே அரைவயிற்றுச் சாப்பாடு. உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்கும் போனார்கள். வேறு வழி?

வீட்டுக்காரர்களைச் சும்மா விட்டுவிடவில்லை. இந்தப் பகுதியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அவர்கள் வாராவாரம் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் ஆள் வீட்டுக்குப் போகும். சுகாதாரப் பார்வையாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணிப் பார்ப்பார்கள். அங்கேயே சிறுநீர் வாங்கி மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவார்கள். நம் தொழில் பாஷையில் சொன்னால், மருந்து என்ற மென்பொருளோடு கண்காணிப்பு, உதவி மையம் எல்லாம் சேர்த்துத்தான் களத்தில் இறக்கினார்கள்.

பி.ஏ.எஸ். சாப்பிடுவது லேசான காரியமும் இல்லை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 கிராம். இன்றைய பாராசிட்டமால் மாத்திரை அரை கிராம் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குமட்டும், வயிற்றைக் கலக்கும். இதை ஒரு வருடம், ஒவ்வொரு நாளும்.

முடிவு

1959-ல் முடிவு வெளியானது. ஒரு வருடச் சிகிச்சையின் இறுதியில் நோய் அடங்கியவர்கள், வீட்டுப் பிரிவில் 86 சதவீதம், சானடோரியப் பிரிவில் 92 சதவீதம். ஒவ்வொரு பக்கமும் நூறு பேருக்கும் குறைவு என்பதால், இந்த 6 சதவீத வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது இரண்டு பிரிவுகளும் நடைமுறையில் சமமாகவே இருந்தன. முன்பு லண்டனில் ஐந்து வருடக் கணக்கு எடுத்து வெற்றி கரைந்ததைப் பார்த்தவர் அல்லவா, அதனால் இங்கேயும் அவரது குழு ஒரு வருட முடிவோடு திருப்திப்படவில்லை.

வீட்டில் இருந்த குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் என்ன ஆனது? இதுதான் எல்லோரும் பயந்த கேள்வி. அதையும் ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள், 1966-ல் முடிவு வந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரை விட அதிகமாக நோய் வரவில்லை. யோசித்தால் காரணம் புரியும். நோயாளி தனக்கு டிபி என்று அறிவதற்கு முன்பே பல மாதம் வீட்டில் இருமிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒட்ட வேண்டியது அப்போதே பெரும்பாலும் ஒட்டிவிட்டது. சரியான மருந்து தொடங்கிய பிறகு அவரிடமிருந்து பரவுவது சீக்கிரமே குறைந்துவிடுகிறது. ஆபத்து நோயாளியை வீட்டில் வைப்பதில் இல்லை, நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை அதிகம் கூடினார்கள். ஆனாலும் கிருமி ஒழிந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றே. இன்னொரு பக்கம், சானடோரியத்தில் சேர்ந்தவர்களில் சிலர் டாக்டர் சொல்லையும் மீறிக் கிளம்பிப் போனார்கள். சம்பாதிக்கிறவர் ஒரு வருடம் படுக்கையில் இருந்தால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? சானடோரியத்தின் செலவு அரசாங்கக் கணக்கில் மட்டும் இல்லை, அந்தக் குடும்பத்தின் கணக்கிலும் இருந்தது.

இதற்கப்புறம் இந்தியா 1962-ல் தேசிய காசநோய்த் திட்டத்தை வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாக வைத்தே தொடங்கியது. பணக்கார நாடுகளும் தங்கள் சானடோரியங்களை ஒவ்வொன்றாக மூடின. மருந்து வந்ததுதான் அதற்கு முதல் காரணம். ஆனால் படுக்கை தேவையில்லை என்று தைரியமாகச் சொல்வதற்கு எண்களைக் கொடுத்தது சென்னை. நெரிசலும் பசியும் உள்ள இடத்திலேயே வீட்டுச் சிகிச்சை பலித்தது என்றால், வசதியான இடத்தில் ஏன் பலிக்காது?

ஃபாக்ஸின் நிஜக் கேள்வி

இத்தோடு நிறுத்தினால் அது வெற்றிக்கதை. ஃபாக்ஸ் நிறுத்தவில்லை. 1958-லேயே, முதல் ஆய்வின் முடிவு வெளிவருவதற்கு முன்பே, ஒரு கட்டுரை எழுதினார். நோயாளி தானாக மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள பிரச்சினை என்பதுதான் அதன் பொருள். பெரிய மருந்துக் கண்டுபிடிப்புகளின் காலத்தில் ஒருவர் உட்கார்ந்து, "கொடுத்த மருந்தை ஆள் போட்டாரா?" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்!

நம்மையே எடுத்துக்கொள்வோம். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால் காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளோடு நிறுத்துகிறவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். மீதி மாத்திரை அலமாரியில் கிடக்கும். காசநோயில் இது இன்னும் மோசம். மருந்து தொடங்கிய சில வாரங்களில் இருமல் குறையும், காய்ச்சல் போகும், பசி எடுக்கும். உடம்பு "சரியாயிடுச்சு" என்று சொல்லும். ஆனால் மெதுவாக வளரும், தூங்குவது போலக் கிடக்கும் கிருமிகள் உள்ளே இன்னும் மிச்சம். அவற்றுக்காகத்தான் மீதி மாதங்கள். அதாவது நோயின் அறிகுறி எதுவுமே இல்லாத ஒருவரை, குமட்டும் மருந்தை இன்னும் பத்து மாதம் சாப்பிடச் சொல்கிறோம்.

மருத்துவர்கள் இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், "ஏழைகள், படிப்பறிவு இல்லை, சொன்னால் கேட்பதில்லை." நோயாளி மேல் பழியைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஃபாக்ஸ் போன பாதை வேறு. மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்கள், அதை மாற்ற முடியாத ஒரு நிபந்தனையாக எடுத்துக்கொண்டு சிகிச்சையை அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டும் என்பது அவர் அணுகுமுறை. மென்பொருளில் பயனர் தப்பான பட்டனை அழுத்துகிறார் என்றால், பட்டன் இருக்கும் இடத்தை மாற்ற வேண்டும் என்று நாங்கள் இப்போது பேசுகிறோமே, அதேதான்.

இதிலிருந்து சென்னையில் அடுத்த ஆய்வு பிறந்தது. தினமும் மாத்திரை என்பதை வாரம் இரண்டு முறை என்று ஆக்கினால்? வாரம் இரண்டு தடவை மையத்துக்கு வந்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டு, ஐசோநயாசிட்டை ஊழியர் கண் முன்னாலேயே விழுங்கிவிட்டுப் போகலாம். வீட்டில் மறக்க எதுவுமே இல்லை. தினமும் தானே மருந்து எடுத்துக்கொண்டவர்களோடு ஒப்பிட்டால், இந்த முறையில் குணமானவர்கள் குறையவில்லை. முடிவுகள் 1964-ல் வெளியாயின. வாரம் ஒரு முறை போதுமா என்றும் பார்த்தார்கள். ஐசோநயாசிட்டை உடம்பு வேகமாக வெளியேற்றும் மரபணு உள்ளவர்களுக்கு அது போதவில்லை. அந்த வேறுபாடு வெளியே வந்ததும் இந்த மையத்தின் வேலைகளில் ஒன்று. பிற்காலத்தில் உலகம் முழுக்க "டாட்ஸ்" என்ற பெயரில் வந்த நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

18 மாதத்தை 6 மாதமாக்கியது

ஃபாக்ஸ் லண்டன் திரும்பி, 1965 முதல் 1986 வரை மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் காசநோய் மற்றும் மார்புநோய்ப் பிரிவை இயக்கினார். கிருமியியல் பக்கம் டெனிஸ் மிச்சிசன் அவரது நீண்டகாலக் கூட்டாளி. இருவரும் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்கா, ஹாங்காங், சிங்கப்பூர், சென்னை என்று ஆய்வுகளை விரித்தார்கள்.

கேள்வி மறுபடி அதேதான், வேறு வடிவத்தில். ஆள் 18 மாதம் மருந்து சாப்பிட மாட்டார் என்றால், ஏன் 18 மாதம்? குறைக்க முடியுமா?

1970-களின் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த முதல் ஆய்வில், வெவ்வேறு கலவைகளை ஆறே மாதம் கொடுத்துவிட்டு, நோய் எத்தனை பேருக்குத் திரும்புகிறது என்று பார்த்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோநயாசிட்டும் மட்டும் பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. அதோடு பைரசினமைட் சேர்ந்தபோது 8 சதவீதம். ரிஃபாம்பிசின் சேர்ந்தபோது 3 சதவீதம்தான். தூங்கும் கிருமிகளைத் தேடிப்பிடித்துக் கொல்லும் திறன் இந்த இரண்டு மருந்துகளுக்கும் இருந்தது. இவற்றை அடிப்படையாகக் கொண்ட ஆறு மாதச் சிகிச்சைதான் இன்றுவரை சாதாரண காசநோய்க்கு உலகெங்கும் கொடுக்கப்படுகிறது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் "ஆறு மாசம் கோர்ஸ்" என்று சொன்னால், அந்த ஆறுக்குப் பின்னால் இந்த ஆய்வுகள் இருக்கின்றன.

எதை எடுத்துக்கொண்டோம், எதை விட்டோம்

இனி வருவது என் வாசிப்பு. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

சென்னை ஆய்வு சொன்ன வாக்கியத்தை முழுசாக எழுதினால் இப்படி வரும்: "வாராவாரம் பார்த்து, வீட்டுக்குப் போய் விசாரித்து, மருந்தை எண்ணி, வராதவரைத் தேடிப்போய்க் கவனித்தால், வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குச் சமம்." திட்டமாக மாறியபோது அந்த வாக்கியத்தின் கடைசிப் பகுதி மட்டும் மிஞ்சியது: "வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குச் சமம்." மாவட்ட மையத்தில் மாதாமாதம் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்குப் போக ஆள் இல்லை, வாகனம் இல்லை, பணம் இல்லை. விளைவு, 1992-ல் திட்டத்தை மறுஆய்வு செய்தபோது, சிகிச்சையை முழுசாக முடித்தவர்கள் பாதிகூட இல்லை. அரைகுறையாகச் சாப்பிட்ட மருந்து என்ன செய்யும் என்று மேலே கணக்குப் போட்டுப் பார்த்தோம். படுக்கைக்குச் செலவு மிச்சமானது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கையாவது வீட்டு வாசலுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

பிறகு 1997-ல் டாட்ஸ் முறை இந்தியாவில் திட்டமாக வந்தது. குணமாகும் விகிதம் வெகுவாக ஏறியது, அதை மறுக்க முடியாது. ஆனால் இங்கேயும் ஒரு பகுதி நழுவியது. கண் முன்னால் விழுங்க வேண்டும் என்ற விதி, நோயாளியின் வசதிக்காகப் பிறந்தது. பல இடங்களில் அது நோயாளியைச் சந்தேகப்படும் விதியாக மாறியது. மாத்திரை விழுங்குவதற்காக அரைநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும் என்றால், அது யாருக்கு வசதி? நேரடிக் கண்காணிப்பையே பல நாடுகளில் சோதித்த ஆய்வுகளைப் பிற்காலத்தில் தொகுத்தார்கள். வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பதால் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே வந்தது. சென்னையில் பலன் கொடுத்தது பார்வை மட்டுமா, அல்லது பார்க்க வந்தவரின் அக்கறையும் சேர்ந்துதானா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

சாப்பாட்டு விஷயமும் இப்படித்தான். சரியான மருந்து கிடைத்தால், சாப்பாடு போதாதவருக்கும் கிருமி ஒழிகிறது என்று சென்னை காட்டியது. அது சரியான முடிவு. அதிலிருந்து "காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை" என்று தாவியது தப்பு. கிருமி ஒழிவது ஒரு கேள்வி. நோய் யாருக்கு வருகிறது, யார் பிழைக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ரேஷன்ஸ் என்ற ஆய்வு இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டது. நோயாளி வீட்டில் இருக்கும் 10,000-க்கும் மேற்பட்ட குடும்பத்தாரைப் பின்தொடர்ந்தது. உணவுப் பொட்டலம் பெற்ற குடும்பங்களில், புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் ஆய்வுக்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. இரண்டும் அவரவர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்கின்றன. ஒன்றின் பதிலை இன்னொன்றின் கேள்விக்கு ஒட்டியது நாம்தான்.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" எனக்கு நம்பிக்கை தருகிறது. நோய் கண்டுபிடிக்கப்பட்ட உடனே எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், கால்வீக்கம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா போன்ற எளிய விஷயங்களைப் பார்த்து, யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரிக்கிறார்கள். அவர்களை மட்டும் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே சிகிச்சை. வீடா படுக்கையா என்ற 1956-ன் கேள்வி இப்போது, யாருக்கு வீடு, யாருக்குப் படுக்கை என்று மாறியிருக்கிறது. இதற்கு ஸ்கேன் தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு நோயாளியையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சேத்துப்பட்டு மையம் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. இன்றும் அங்கே ஆய்வுகள் நடக்கின்றன. ஆறு மாதத்தை நான்காக்க முடியுமா என்பதும் அவர்கள் சோதித்த கேள்விகளில் ஒன்று. உங்களுக்குத் தெரிந்த யாராவது டிபிக்கு மருந்து சாப்பிடுகிறார் என்றால், இரண்டாம் மாதம் வாக்கில் ஒரு போன் போட்டு விசாரியுங்கள். அவர் உடம்பு தேறி, இனி மருந்து எதற்கு என்று நினைக்க ஆரம்பிக்கும் நேரம் அதுதான்.